நூல் வெளியீட்டில் நூலை யார் வாசிப்பது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு கிழமைகளுக்கு முன்னர் உங்கள் பத்திரிகையின் உட்பக்கம் ஒன்றில், கொழும்பில் நடைபெற்ற ஒரு நூல் வெளியீட்டு விழாவைப் பற்றிய செய்தி வெளிவந்திருந்தது. அரைப் பக்கத்துக்குச் சற்றுக் குறைவான அந்தச் செய்தியில் மங்கல விளக்கேற்றியவர்கள் யார், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்பவற்றை நிகழ்த்தியவர்கள் யார், முதற்பிரதியைப் பெற்றுக்கொண்ட தொழிலதிபர் யார், சிறப்புப் பிரதிகளைப் பெற்றவர்கள் யார் யார் என்பதெல்லாம் ஒன்றும் விடுபடாமல் இருந்தது. வெளியிடப்பட்ட நூல் கவிதையா, கதையா, கட்டுரையா என்பதை மட்டும் அதன் தலைப்பைக் கொண்டு ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உங்கள் நிருபரைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அந்த விழாவுக்கு நானும் போயிருந்தேன்; அவர் நடந்ததைத்தான் எழுதியிருக்கிறார். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நீண்ட அந்த மாலையில் நூலின் ஒரு பக்கத்தைக்கூட ஒருவரும் வாசிக்கவில்லை. நூலாசிரியருக்கு இறுதியில் கிடைத்த பத்து நிமிடமும், வந்திருந்தவர்களின் பெயர்களைப் பட்டங்களுடன் சொல்லி நன்றி கூறுவதிலேயே கழிந்துவிட்டது. நான் வாங்கிய பிரதியை வீட்டுக்கு வந்து விரித்தபோதுதான் அது நல்ல சிறுகதைத் தொகுதி என்று தெரிந்தது.

அந்த ஆதங்கம் ஆறுவதற்குள், சென்ற சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாட்களும் வெள்ளவத்தையில் முற்றிலும் வேறு விதமான ஒரு கூட்டத்தில் இருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சனிக்கிழமை வாசிப்பு, ஞாயிற்றுக்கிழமை இசை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வழக்கமாக நடன வகுப்பு நடக்கும் மேல்மாடியில் நாற்பது பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டிருந்தார்கள். மேடை இல்லை, பதாகை இல்லை, விளக்கேற்றலும் இல்லை. (நான் விளக்குக்கு எதிரானவன் அல்லன், வீட்டில் நாள் தவறாமல் ஏற்றுகிறவன்தான். ஒரு குத்துவிளக்கின் ஐந்து திரிகளுக்கு ஐந்து பிரமுகர்களைத் தேடிப் பிடிப்பதில் அரை மணி நேரம் போவதைத்தான் சகிக்க முடிவதில்லை.) ஐந்து மணி என்று சொன்னார்கள், ஐந்து மணி கடந்து ஐந்து நிமிடத்தில் தொடங்கினார்கள். அறிமுகம் செய்தவர், வாசிக்கப்போகிறவரின் ஊரை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துகொண்டார்.

முதலில் வாசித்தவர் மட்டக்களப்புக் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த பெண், இங்கே வங்கியொன்றில் பணிபுரிகிறவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போனதற்குப் பின்னரான சில வாரங்களைப் பற்றித் தாமே எழுதிய நாலைந்து பக்கங்களை வாசித்தார். அலையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வீட்டுக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கும்போது சேற்றுக்குள்ளிருந்து வேறு யாருடையதோ ஓர் இடியப்ப உரல் கிடைக்கிறது, அவருடைய தாய் அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, தேங்காயெண்ணெய் பூசி, உரியவர்கள் தேடி வருவார்கள் என்று விறாந்தை மூலையில் வைக்கிறார், யாரும் வரவில்லை, ஆனாலும் அந்த உரலில் தம் வீட்டுக்கென்று ஒருநாளும் இடியப்பம் பிழியாமல், வருடந்தோறும் எண்ணெய் பூசி வைத்துக்கொண்டே இருக்கிறார். கதை இவ்வளவுதான்.

அவர் அந்த உரலுக்கு எண்ணெய் பூசும் இடத்துக்கு வந்தபோது, ஒழுங்கையின் முடிவில் உள்ள கரையோரப் பாதையில் புகையிரதம் வந்தது. வெள்ளவத்தையில் கடலோரம் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் புதிதன்று. தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாலும் அரை நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடருவோம். அவரும் தாளைத் தாழ்த்திக்கொண்டு, யன்னலைப் பார்த்தபடி காத்து நின்றார். கோட்டையிலிருந்து தெற்கே மாத்தறைக்குப் போகும் அதே பாதையில்தான் 2004இன் அந்தக் காலையில் புறப்பட்ட புகையிரதம் ஒன்று பெரலியவில் கடலுக்கு அகப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பதை அங்கே இருந்த யாரும் சொல்லவில்லை; சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த முதியவர் கதிரையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். சத்தம் ஓய்ந்ததும் அந்தப் பெண், விட்ட சொல்லிலிருந்தே மீண்டும் தொடர்ந்தார். நாற்பது ஆண்டுகளாக இந்த நகரத்தின் தமிழ் மேடைகளுக்கு முன்னால் அமர்ந்திருக்கிறேன். அந்த அரை நிமிடத்துக்கு ஈடான ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ள முடியவில்லை.

அடுத்து வாசித்தவர் புத்தளத்தில் வளர்ந்த ஓர் ஆசிரியை. 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது அவருடைய தாய் சோனகதெருவில் தையல் வேலை செய்துகொண்டிருந்தாராம். பக்கத்துத் தெருத் தமிழ்ப் பிள்ளை ஒன்றின் சாமத்தியச் சடங்குக்கென்று தைத்துக்கொண்டிருந்த பாவாடை, கரை மடித்துத் தைக்கப்படாமல் இயந்திரத்திலேயே கிடந்தது. அளவு குறித்த துண்டுத் தாள் மட்டும் எப்படியோ பணப்பைக்குள் இருந்து, புத்தளம்வரை வந்துவிட்டது. ஆசிரியை அந்தத் தாளில் இருந்ததை அப்படியே வாசித்தார்: நீளம் 34, இடுப்பு 24, கரை இரண்டு அங்குலம். கரையை யார் மடித்துத் தைத்திருப்பார்கள் என்று தாய் சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார் என்பதுடன் முடித்துக்கொண்டார்.

வடக்கிலிருந்து வந்து கொழும்பில் குடியேறியவர்களே அந்தக் கூட்டத்தில் பெரும்பான்மை. நானும் அவர்களில் ஒருவன். இதே விடயத்தை ஒருவர் மேடையேறிப் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். பேச்சு முடிவதற்கு முன்னரே ஒருவர் எழுந்து எங்களுக்கு நடந்தவற்றைப் பட்டியலிட்டிருப்பார், இன்னொருவர் காலத்தையும் சூழலையும் விளக்கியிருப்பார், தலைவர் மணியடித்திருப்பார், எல்லோரும் தத்தம் கருத்துடன் வீட்டுக்குப் போயிருப்போம். பேச்சு என்பது மறுபேச்சை அழைப்பது. அதற்கு அந்த உரிமை உண்டு. ஒரு பாவாடையின் அளவுக்கு என்ன மறுமொழி சொல்வது? எவரும் எதுவும் சொல்லவில்லை. கைதட்டக்கூட இல்லை. வாசித்தவர் தாளை மடித்துக்கொண்டு போய்த் தம் இடத்தில் அமரும்வரை மின்விசிறியின் சத்தம் மட்டுமே கேட்டது.

எல்லாமே இப்படி அமைந்துவிட்டன என்று எழுதினால் அது பொய். மூன்றாவதாக வந்த இளைஞர் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து புறக்கோட்டைப் புடவைக் கடையில் வேலை செய்பவர். கொழுந்து பறித்தே முதுமையடைந்த தம் பாட்டியைப் பற்றி எழுதிவந்திருந்தார். ஏற்பாட்டாளர்களில் யாருக்கோ, வாசிப்புக்குப் பின்னணியாகக் கீபோர்ட்டில் சோகமான இராகம் ஒன்றை வாசித்தால் உருக்கமாக இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே மெல்லிய குரல். அதுவும் கீபோர்ட்டுக்குள் அமிழ்ந்துபோயிற்று. எங்கே கலங்க வேண்டும் என்று வாத்தியம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், கேட்பவர் கலங்குவதற்கு என்ன இருக்கிறது? ஒரு பக்கம் முடிந்ததும் அந்த இளைஞரே திரும்பி, “அண்ணே, அத கொஞ்சம் நிப்பாட்டுங்க” என்றார். சிரிப்பு எழுந்தது, வாத்தியம் நின்றது. அதன் பின்னர் அவர் வாசித்ததை எல்லோரும் கேட்டோம். முடிவில் பாட்டி பாடும் தாலாட்டில் இரண்டு அடியைச் சுருதி எதுவும் இல்லாமல் பாடினார். குரல் தளம்பியது. அந்தத் தளம்பலை எந்த வாத்தியக்காரராலும் வாசித்துவிட முடியாது.

நான்காவதாக ஒருவர் வாசித்தார். அவருடைய எழுத்தில் கண்ணீர், குருதி, வானம் என்ற சொற்கள் மாத்திரம் நிறைய இருந்தன. ஒருவரும் அசையவில்லை. கூட்டம் முடிந்து ஒழுங்கையில் நடந்து வரும்போது என் நண்பர் ஒருவர், “இதென்ன, எல்லாரும் சேர்ந்து ஒப்பாரி வைக்கிறதோ?” என்று கேட்டார். அவர் கேள்வியை நான் முற்றாக ஒதுக்கவில்லை. துக்கத்தை விளம்பினால் ஒப்பாரிதான். உரலையும் அளவுத் தாளையும் வைத்துவிட்டு விலகி நின்றவர்களே அன்று எங்களை அசைத்தார்கள். அத்துடன், ஒருவராவது சிரிக்கும்படி எழுதியதை வாசித்திருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றியது. எங்கள் ஊர்களில் செத்த வீட்டு விறாந்தையில்கூட நகைச்சுவைக்குக் குறைவிருப்பதில்லை.

குரலெடுத்து வாசிப்பதும் அதனுடன் இசை கலப்பதும் ஏதோ மேலைநாட்டு இலக்கிய விழாக்களில் இருந்து வந்த புதிய பழக்கம் என்று சிலர் நினைப்பதாகத் தெரிகிறது. நான் வடமராட்சியில் பிறந்தவன். எங்கள் ஊர்க் கோயிலில் கந்தபுராணப் படிப்பு மாதக்கணக்கில் நடக்கும். ஒருவர் செய்யுளை இராகத்துடன் வாசிப்பார். மற்றவர் அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்லுவார். எங்கள் பெரியப்பா வாசிப்பவர். பயன் சொல்லுபவர் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தவர். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் எந்த இடத்தில் சீர் தவறினாலும், தூணோடு சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும் கிழவர்களில் ஒருவர் கண்ணைத் திறக்காமலே திருத்திச் சொல்லிவிடுவார். சூரன் மடியும் நாளில் அவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அசுரனுக்காக ஏன் அழுகிறார்கள் என்று சிறுவயதில் விளங்கவில்லை. மட்டக்களப்பிலே வைகாசிச் சடங்கில் கண்ணகி கோயில்களில் கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரை பாடப்படுகிறது. கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் கேட்கும், கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம், 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வாசிப்பும் இராகமுமாகவே அது வாழ்கிறது. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு: நூல் நடுவில் இருக்கும், அதைச் சுற்றி மக்கள் இருப்பார்கள், அவசரம் இருக்காது.

நூல் வெளியீட்டையே எடுத்துக்கொண்டாலும், எங்கள் நாட்டில் பிறந்த அறிஞர் ஒருவரின் அரங்கேற்றம் எப்படி நடந்தது என்பதை நினைவுகூரலாம். சுவாமி விபுலாநந்தர் யாழ் என்னும் பழந்தமிழ் இசைக்கருவியைப் பற்றிப் பல ஆண்டு ஆராய்ச்சியின் பின்னர் எழுதி முடித்த யாழ் நூல், 1947 ஜூன் மாதத்தில் தமிழகத்தின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அறிஞர்கள் பலர் கூடிய அந்த அவையில், நூலின் ஆராய்ச்சியின்படி செய்யப்பட்ட யாழை மீட்டிக் காட்டினார்கள். அடுத்த மாதமே, ஜூலை 19இல், அடிகளார் மறைந்தார். நூலின் பொருளைச் சபையோர் காதால் கேட்டுவிட்டுப் போன வெளியீடு அது. நாங்களோ முதற்பிரதியின் விலையை ஏலம்போல உயர்த்திக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அருகிலுள்ள ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. முற்பகுதியில் ஓர் இளம் பெண் வயலின், மிருதங்கத்துடன் ஒன்றரை மணி நேரம் பாடினார். நிறைவாக இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லை. பிற்பகுதியில் அட்டனிலிருந்து வந்த தப்புக் குழு (தப்பு என்பது தோட்டங்களில் அடிக்கும் பறை). மண்டபத்தின் பின்புறம் ஓலையைக் கொளுத்தித் தப்பின் தோலை அனலில் காட்டி இறுக்கத் தொடங்கியதும், பாடசாலைக் காவலாளி ஓடிவந்து நெருப்பு மூட்ட அனுமதி பெற்றீர்களா என்று கேட்டார். அரை மணி நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. அனல் படாத தப்பு தொளதொளத்துத்தான் ஒலிக்கும் என்பதை ஒருவர் அடித்துக் காட்டி விளக்கிய பிறகு, காவலாளியே ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு நின்று பார்த்தார்.

ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி; இவற்றைக் கொண்டு அவர்கள் எழுப்பிய ஒலிக்கு, ஒலிபெருக்கி இல்லாமலே அந்த மண்டபத்தின் சுவர்கள் போதாதிருந்தன. மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கான அடி, சாவு வீட்டுக்கான அடி என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தவர்கள், தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளரை வேலைக்கு அழைக்க ஒருகாலத்தில் அடிக்கப்பட்ட பெரட்டுத் தப்பையும் அடித்தார்கள். கடைசி வரிசையில், தாம் பணிபுரியும் வீட்டு அம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்திருந்த ஓர் அம்மையார் இருந்தார். அந்த அடி தொடங்கியதும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். பிறகு வெட்கப்பட்டு அமர்ந்துகொண்டார். இடைவேளையில் தேநீர் எடுக்கும்போது, “சின்னப் புள்ளையில கேட்டதுங்க, இப்பவும் அந்த அடிக்கு ஒடம்பு எந்திரிச்சிருது” என்றார். தப்பைச் சாவுக்கு மட்டும் வாசலில் நிறுத்திவைத்தே பழகிய எங்களில் சிலர், அன்று அதைக் கதிரையில் அமர்ந்து கேட்டோம் என்பதும் சிறிய விடயமன்று.

பதிவுசெய்த ட்ராக்கைப் போட்டுவிட்டு அதன்மேல் பாடும் மாலைகளே இப்போது கொழும்பில் அதிகம். செலவு குறைவு, ஒத்திகை தேவையில்லை என்பதெல்லாம் சரி. ஆனால் ட்ராக் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பாடுபவர் ஓர் அடியில் மனம் தங்கி மூச்செடுத்தால் அது அவரை விட்டுவிட்டு முன்னே போய்விடும். முதல்நாள் அந்தப் பெண் புகையிரதம் போகும்வரை காத்து நின்றாரே, அதுபோல ஒன்று ட்ராக்குடன் நடக்கவே முடியாது.

அந்த இரண்டு நாட்களுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபா நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள்; தப்புக் குழுவினர் வாகனத்தில் ஏறுவதற்கு முன்னர் பேசிய தொகையை உறையில் வைத்துக் கொடுத்ததையும் கண்டேன். இதை விசேடமாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த மிருதங்கக் கலைஞர் ஒருவரிடம் பொன்னாடைகள் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன. மிருதங்கத்துக்குத் தோல் மாற்ற வேண்டி வந்தால் அவற்றில் ஒன்றையும் கொடுத்து மாற்ற முடியாது என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். பேச்சாளர்களுக்கு மாலை, நூல் வாசிப்பவர்களுக்கும் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கும் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் மனக்குறை வராது.

ஆகவே நூல் வெளியிடும் அன்பர்களை வேண்டிக்கொள்வது ஒன்றே. உங்கள் விழாவிலிருந்து எதையும் நீக்க வேண்டாம். நிகழ்ச்சி நிரலில் ஒரு கால் மணி நேரத்தை நூலுக்கென்று ஒதுக்குங்கள். நூலாசிரியரே வாசிக்கட்டும், அவருக்குக் குரல் ஒத்துழைக்காவிட்டால் பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும். கொழும்பில் இதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் தன் நூலகத்துடன் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது. நூல்களுக்கு நடுவில் மாதம் ஒருமுறை முப்பது கதிரைகளைப் போட்டு வாசிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது? முதியவர்கள் இருட்டுவதற்கு முன்னர் பஸ் பிடிக்க வேண்டும் என்பதையும் நேரம் குறிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். கையடக்கத் தொலைபேசியை அணைக்கச் சொல்லி நான் எதுவும் எழுதப்போவதில்லை. சனிக்கிழமை ஒருவரும் சொல்லாமலே ஒன்றும் ஒலிக்கவில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. விழாச் செய்திகளில் பெயர்ப் பட்டியலைச் சற்றுச் சுருக்கி, வெளியான நூலிலிருந்து ஒரேயொரு பந்தியை, நூலாசிரியரின் அனுமதியுடன், பெட்டி கட்டிப் பிரசுரிக்க முடியுமா? பெயர் விடுபட்டவர்கள் தொலைபேசியில் அழைத்துக் கோபிப்பார்கள் என்பதை நான் அறிவேன். ஓரிரு மாதங்களில் பழகிவிடுவார்கள். அடுத்த மாதமும் அதே மேல்மாடியில் வாசிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். உங்கள் நிருபரை அனுப்பிவையுங்கள். ஐந்து மணிக்கே வந்துவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் தொடங்கிவிடுவார்கள். முன்வரிசையில் பெயர் ஒட்டிய கதிரை எதுவும் அவருக்காகக் காத்திருக்காது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06.